தேவிபிரசாத் சட்டோபாத்தியாயரும் உலகாயதமும்

நாம் கலாசாலை மாணாக்கராயிருந்த நாளில் மணிமேகலையின் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதையைப் பாடங் கேட்டோம். வஞ்சி மாநகரிலே மாதவன் வடிவு கொண்டு நின்ற மணிமேகலை, அளவைவாதி முதலாகப் பதின்மரை ஒருவர்பின் ஒருவராக அணுகி, அவரவர் கொள்கையை வினவுகின்றாள். ஏனையோர் கூறியவற்றைப் பெரிதும் வாதம் புரியாது கேட்டுச் சென்றவள், இறுதியில் நின்ற பூதவாதியின் உரை முடிந்தவுடன் நகைக்கின்றாள். அவளோடு எம் வகுப்பும் நகைத்தது. மணியும் அடித்தது. பூதவாதி என்பான் யாவன், அவன் கூற்றில் ஒரு நியாயமும் இல்லையோ என்று எம்மில் ஒருவரும் கேட்டிலோம்.

பல்லாண்டு கழித்து வங்காளத்து அறிஞர் ஒருவரின் நூலைப் படித்த காலத்தேதான் அந்நகைப்பு எம் நெஞ்சை உறுத்தலாயிற்று. அவர் தேவிபிரசாத் சட்டோபாத்தியாயர். இருபதாம் நூற்றாண்டில் இந்தியாவில் தோன்றிய மார்க்ஸியத் தத்துவ அறிஞருள் தலையாயவர் என்று அவரைச் சொல்லுதல் மிகையாகாது. அவர் ஆராய்ந்த பொருளோ நம் மதுரைக் கூலவாணிகர் சாத்தனார் பாடிவைத்த பொருளே. ஆதலின் அவர் நூல்களைப்பற்றி இம்மலரில் எழுதுவது ஊருக்கும் கல்லூரிக்கும் அயலான முயற்சி அன்றென்று கருதுகின்றோம்.

சட்டோபாத்தியாயர் 1918-ஆம் ஆண்டு கல்கத்தாவிலே பிறந்தார். அந்நகரப் பல்கலைக் கழகத்தில் தத்துவம் பயின்றார். அவர்க்கு ஆசிரியராக வாய்த்தவர் இருவர்: ஒருவர் இந்திய தத்துவ சரித்திரத்தைப் பெருநூலாக எழுதிய சுரேந்திரநாத் தாஸ்குப்தர், மற்றவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்றுப் பின்னர் நாட்டின் தலைவராகவும் உயர்ந்த இராதாகிருஷ்ணர். இவ்விருவரும் வேதாந்தத்தின் பெருமையை உலகறியச் செய்தவர்கள். அவர்களிடம் கற்ற மாணாக்கர், அவர்கள் ஓரிரு பக்கங்களிற் கடந்து சென்ற உலகாயதத்திற்கே தம் வாழ்நாளை அளித்தார் என்பது வியப்பன்றோ! இளமையிலேயே இடதுசாரி இயக்கத்தில் ஈடுபட்ட அவர், கல்கத்தாவிலே கல்லூரி ஆசிரியராயிருந்தும், வங்காளச் சிறுவர்க்கு அறிவுநூல்கள் தொகுத்தும் வந்தார். 1959-இல் உலகாயதம் என்னும் அவரது பெருநூல் வெளிவந்தது. 1993-இல் அவர் காலமானார்.

மார்க்ஸியர் தத்துவ நூலைப் படிக்கும் முறை யாது என்பதை ஈண்டுச் சுருங்கச் சொல்லவேண்டும். மனிதர் உண்பதற்கும் உடுப்பதற்கும் எவ்வாறு உழைக்கின்றனர், அவ்வுழைப்பின் பயன் எவரைச் சேர்கின்றது என்பவற்றினின்றே அவர்தம் எண்ணங்கள் கிளைக்கின்றன என்பது அவர் கொள்கை. ஆகவே ஒரு கொள்கை மெய்யா பொய்யா என்று வினவுவதோடு அவர் நில்லார். அதனைச் சொன்னவர் யார், அவர் எத்தொழில் புரிந்தார், அதனை அடக்க விரும்பியவர் யார் என்றும் வினவுவர். இம்முறை எல்லாவிடத்தும் செல்லும் என்று நாம் கூறோம். உலகாயதத்தின் திறத்தில் இது மிகவும் வேண்டப்படும் முறை என்பதை மட்டும் சொல்வோம். அதன் காரணம் வருமாறு.

உலகாயதரின் சூத்திரநூல் நமக்குக் கிடைத்திலது. அவர் கொள்கையென்று நாம் அறிவனவெல்லாம் அவரை மறுக்கப் புகுந்தவர்கள் பூர்வபக்ஷமாக எழுதிவைத்தவை. ஒரு வழக்கில் எதிரியின் வாய்மொழியை வாதியின் வக்கீலே எழுதித் தந்தாற் போன்ற நிலை இது. பதினான்காம் நூற்றாண்டினரான மாதவர் தம் சர்வதரிசன சங்கிரகத்தில் முதலாவதாக எடுத்துக்கொண்டு வீழ்த்துவது சார்வாகரையே. தமிழிலும் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை உலகாயத மறுப்போடு தொடங்குகின்றார். நீலகேசியிலும் பூதவாதத்திற்கு ஒரு சருக்கம் உண்டு. இத்தனை பேர் இத்தனை நூற்றாண்டுகள் முனைந்து மறுத்த கொள்கை அற்பமானதாயிருத்தல் கூடுமோ என்பதே சட்டோபாத்தியாயரின் முதல் வினா.

உலகாயதம் என்னும் பெயரையும் அவர் ஆராய்கின்றார். உலகத்தாரிடையே பரவியது என்பது ஒரு பொருள். இவ்வுலகையே பற்றியது என்பது மற்றொன்று. இரண்டும் பொருந்தும் என்றும், நூலாசிரியர் எள்ளியது பாமர மக்களின் கொள்கையையே என்றும் அவர் முடிவு செய்தார். சாணக்கியரின் அர்த்தசாஸ்திரம் உலகாயதத்தைச் சாங்கியத்தோடும் யோகத்தோடும் ஒருங்கு வைத்து, ஆராய்ச்சிக் கலையென்று எண்ணுவதையும் நினைவூட்டுகின்றார். குடித்துக் களிப்போரின் கூச்சலை அரசர்க்குரிய கல்வியில் எவரேனும் சேர்ப்பரோ?

கடன்பட்டேனும் நெய்யுண்டு சுகமாக வாழ்க என்று சார்வாகர் உபதேசித்ததாக ஒரு பழிமொழி உண்டு. பள்ளிச் சிறுவரும் இதனை அறிவர். சட்டோபாத்தியாயர்க்குப் பின் இத்துறையிற் பெரிதும் உழைத்த இராமகிருஷ்ண பட்டாசாரியர் என்னும் மற்றொரு வங்காளத்து அறிஞர், சார்வாகரின் சிதறிய வாக்கியங்களையெல்லாம் பல நூல்களினின்றும் திரட்டி ஒப்புநோக்கினார். முந்திய நூல்களில் அச்சுலோகத்திலே நெய்யும் இல்லை, கடனும் இல்லை. சாவிற்கு எட்டாதது எதுவுமில்லை ஆதலின் உள்ளவரை இனிது வாழ்க என்றே உள்ளது. நெய்யைச் சேர்த்த பாடம் மாதவரது நூலிற் காணப்படுவது. ஒரு சொற்றொடரை மாற்றியவுடன் மரணத்தைப்பற்றிய துயர்மிக்க உண்மையொன்று கடன்காரனின் விகடமாகிவிட்டது. இதனை அறிந்தபின் மாதவரது நூலை முன்போல் நம்மால் வாசிக்க இயலவில்லை.

நிற்க. மாதவர்க்குப் பல நூற்றாண்டு முந்திய சாத்தனார், பூதவாதியை எவ்வாறு பேச வைக்கின்றார் என்று பார்ப்போம். 1898-இல் உ. வே. சாமிநாதையரவர்கள் பதிப்பித்த நாள்முதல் அந்நூல் நம் கையிலே இருக்கின்றது. தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் பிறவற்றையும் சேர்த்து வைத்தால், அவற்றிலே தனித்தனி இல்லாத களிப்பூட்டும் ஆற்றல் பிறப்பதுபோல, பூதங்கள் கூடியவிடத்தே உணர்வு பிறக்கும். அவை பிரியுமிடத்துப் பறையின் ஓசைபோல அது கெடும் என்கின்றான் பூதவாதி. உயிரும் உணர்வும் உடைய பூதம் ஒருவகை, அவையில்லாத பூதம் மற்றொரு வகை, அவ்வவற்றினின்றே அவ்வவை பிறக்கும் என்பது அவனுக்குச் சிறப்பாக உரியது. பிறவற்றில் உலகாயதன் கருத்தே தன் கருத்தென்கின்றான். கண்கூடே பிரமாணம், இப்பிறப்பும் இதன் பயனுமே உண்மை, மறுமையில் வினைப்பயன் துய்த்தல் பொய் என்று முடிக்கின்றான்.

இங்கே நாம் காணத்தக்கவை சில உள. முதலாவது, கள்ளும் நெய்யும் குடித்துக் களித்துத் திரிக என்னும் உபதேசம் இவ்வுரையில் இல்லவேயில்லை. சாத்தனார் பௌத்தர், பூதவாதியைத் தோற்கடிக்க விரும்புகின்றவர், எனினும் அவன் வாயிற் பொய்யுரை எதனையும் திணித்திலர். பகைவனை இத்துணை நேர்மையோடு பேசவிட்ட புலவர் நம் ஊரினர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. இரண்டாவது, அவன் காட்டும் உவமை. இது ஏட்டிலிருந்து பிறந்ததன்று. மதுவடிப்போன் பானையிலிருந்து பிறந்தது. தாதகி மலரை இன்றும் ஆயுள்வேத வைத்தியர் அரிட்டங்கள் நொதிப்பதற்குச் சேர்க்கின்றனர். சர்க்கரைப் பாகும் மலரும் தனியே இருக்கும்போது மயக்கா. பானையில் ஊறிச் சில நாள் கழிந்தபின் மயக்கும். புதிய குணம் ஒன்று பழைய பொருள்களின் சேர்க்கையாலேயே தோன்றுகின்றது என்பதைக் கண்ணாற் கண்ட தொழிலாளன் ஒருவனே இதனை முதன்முதல் எண்ணியிருத்தல் வேண்டும். உழைப்பிலிருந்து எண்ணம் கிளைக்கும் என்ற சட்டோபாத்தியாயரின் கொள்கைக்கு இதனினும் நல்ல சான்று நமக்குத் தோன்றவில்லை. இச்சான்று நாம் சேர்ப்பது. அவர் தலையிற் சுமத்தற்பாலதன்று.

அழகர்மலைக் குகையிலே துறவியர்க்குப் படுக்கை செய்வித்தோர் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. அவருள் உப்பு வணிகன் ஒருவன், கொழு விற்கும் வணிகன் ஒருவன், பாணிதம் என்னும் வெல்லப்பாகு விற்கும் வணிகன் ஒருவன். வெல்லம் விற்றவர் துறவியரின் வாதங்களைக் குகைவாயிலில் அமர்ந்து கேட்ட நாடு இது. கூலம் விற்ற சாத்தனார் பதின்மர் சமயத்தையும் வரிசைப்படுத்திப் பாடினார் என்றால் அதில் அதிசயம் யாதுமில்லை.

இனி, சட்டோபாத்தியாயரின் நூலில் நம்மை மிகவும் ஈர்த்த பகுதிக்கு வருவோம். உலகாயதத்தின் வேரை அவர் தர்க்க நூல்களில் மட்டும் தேடவில்லை. உழவர் வீட்டுப் பெண்டிர் செய்யும் விரதங்களிலும் தேடினார். நாகரிகத்தின் தொடக்கத்தில் ஆடவர் வேட்டைக்குச் செல்ல, விதையை மண்ணில் ஊன்றி முளைப்பித்தவர் பெண்டிரே. ஆதலின் நிலத்தின் விளைவும் பெண்ணின் மகப்பேறும் ஒரே ஆற்றலின் இருவேறு செயல்களாக அக்காலத்தார்க்குத் தோன்றின. அவ்வெண்ணமே தாந்திரிகத்தின் தோற்றுவாய் என்கின்றார். வங்காளத்துத் துர்க்கா பூஜையிலே ஒன்பது செடிகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் நவபத்திரிகையையும், மண்ணைப் பரப்பித் தானியம் தூவி அதன்மேல் வைக்கும் நிறைகுடத்தையும் காட்டி, இவை தேவிக்குச் செய்யும் உபசாரமாவதற்கு முன்னே, விளைச்சலை வருவிக்கச் செய்த மந்திரச் சடங்காய் இருந்தன என்று விளக்குகின்றார்.

இதனைப் படித்தபோது வைகைக் கரைச் சிற்றூர்களின் முளைப்பாரி நம் கண்முன் வந்தது. அம்மன் திருவிழாவிற்குக் காப்புக் கட்டியபின், பெண்கள் ஓடுகளிலும் பானைகளிலும் மண்ணும் எருவும் இட்டு, ஊறவைத்த நவதானியத்தை விதைத்து, வெயில் புகாத வீட்டில் வைத்து நீர் தெளிப்பர். இரவிலே அவற்றைச் சுற்றிக் கும்மியடிப்பர். பல ஊர்களில் ஆடவர் அவ்வீட்டினுள் நுழைதல் ஆகாது. இருளில் வளர்ந்தமையால் முளைகள் வெளிறிய பொன்னிறத்தோடு நீண்டு நிற்கும். அவை செழித்திருந்தால் அவ்வாண்டு விளைச்சலும் செழிக்கும் என்பது நம்பிக்கை. விழா நாளிலே தலையிற் சுமந்து ஊர்வலம் வந்து கண்மாயிற் கரைப்பர். அர்ச்சகரும் மந்திரமும் இன்றி, பெண்டிர் கையினாலும் பாட்டினாலுமே முடியும் இவ்வழிபாட்டிலே வேண்டப்படுவது மோக்ஷம் அன்று. மழையும் நெல்லும் பிள்ளையுமே. உலகாயதம் என்னும் சொல்லின் இரண்டு பொருளும் இங்கே ஒருங்கு நிற்கின்றன: இது உலகத்தாரிடம் பரவியது, இவ்வுலகையே பற்றியது. முளைப்பாரி எடுக்கும் பாட்டியிடம் போய் நீர் நாஸ்திகரோ என்று கேட்டால் அவர் நம்மைச் சும்மா விடார், அது வேறு!

கணபதியைப்பற்றிய பகுதியும் சுவையுடையது. பழைய நூல்களில் விக்கினங்களைச் செய்பவராகவும் அஞ்சத்தக்கவராகவும் கூறப்பட்டவர், பிற்காலத்தில் விக்கினங்களை நீக்கிச் சித்தியளிப்பவராக மாறியது ஏன் என்று அவர் வினவுகின்றார். கணம் என்பது பழங்குடிகளின் கூட்டுவாழ்க்கையைக் குறித்த சொல். அக்கூட்டத்தின் தலைவன் அரசாட்சிக்குப் பகைவனாயிருந்தவரை விக்கினகாரன். அரசாட்சி அவனை ஏற்றுக்கொண்டபின் மங்கலமூர்த்தி என்பது அவர் விடை. இவ்விடையை எல்லாரும் ஏற்பர் என்று நாம் எண்ணவில்லை. வினா நல்ல வினா.

அவரிடம் நாம் காணும் குறைகளையும் மறைத்தல் முறையன்று. பிரிட்டிஷ் அறிஞர் ஜார்ஜ் தாம்சன் கிரேக்க நாட்டைப்பற்றி எழுதிய முறையைப் பின்பற்றி, எல்லா மக்களும் ஒரே படிகளில் ஏறிவந்தனர் என்றும், தாயுரிமைச் சமுதாயம் எங்கும் முன்பு நிலவியது என்றும் சட்டோபாத்தியாயர் கொண்டார். மானிடவியலார் பலர் இதனை இன்று ஏற்பதில்லை. சாந்தோக்கிய உபநிடதத்தில் நாய்கள் கூடிச் சோறு வேண்டிப் பாடும் பகுதியொன்று உண்டு. அது வேதியரை எள்ளிய பகடியென்று சிலர் உரைப்ப, நாயைக் குலச்சின்னமாகக் கொண்ட மக்களின் பாட்டு என்று இவர் உரைக்கின்றார். இருக்கலாம்; ஆயினும் அக்கதையொன்றைக் கொண்டு அத்துணைப் பெரிய மாளிகையை எழுப்புதல் எங்ஙனம்? உலகாயதரும் தாந்திரிகரும் ஒருவரே என்பதற்கு அவர் பெரிதும் நம்பும் சான்று, சமண உரையாசிரியர் குணரத்தினர் எழுதியது. உலகாயதர் நீறு பூசுவர், மதுவுண்பர், ஆண்டிற்கொருமுறை கூடுவர் என்று அவர் கூறுகின்றார். எதிரிகளின் வாய்மொழியை நம்பாதீர் என்று நமக்குக் கற்பித்தவர், தமக்கு வேண்டியவிடத்தில் எதிரியின் வாய்மொழியையே நம்புகின்றார்! முன்னே சொன்ன பட்டாசாரியரும் இவ்விணைப்பை ஏற்றிலர்.

1976-இல் இந்திய தத்துவத்தில் வாழ்வது எது, மாண்டது எது என்று ஆராயும் நூலை அவர் வெளியிட்டார். தமிழில் இதனைக் கரிச்சான் குஞ்சு மொழிபெயர்த்துள்ளார். உலகம் மாயையென்னும் வாதத்தையும் அதனோடு கைகோத்து நின்ற சாதிக் கட்டுப்பாட்டையும் மாண்டவற்றுள் வைக்கின்றார். ஆராய்ச்சியையும் உலகின் உண்மையை ஏற்பதையும் வாழ்வனவற்றுள் வைக்கின்றார். தீர்ப்புச் சற்று விரைவானது என்பது நம் கருத்து. அடுத்த ஆண்டில் வெளிவந்த பண்டை இந்தியாவில் விஞ்ஞானமும் சமுதாயமும் பற்றிய நூலே அதனினும் உறுதியானது. மந்திரமும் பலியும் கொண்டு நோய் தீர்க்கும் முறையினின்று, யுக்தியைக் கொண்டு தீர்க்கும் முறைக்குச் சரகசம்ஹிதை அடியெடுத்து வைத்ததை அதில் விரித்துரைக்கின்றார். இத்தகைய வைத்தியனின் சோறு சீழுக்கு ஒப்பென்று மனு இகழ்வதையும் அருகே வைத்துக் காட்டுகின்றார். வைத்தியன் எல்லாச் சாதியாரையும் தொட்டாக வேண்டும். உடலை உள்ளபடி நோக்கியாக வேண்டும். தருமநூலார்க்கு அவன்மேற் சினம் பிறந்தது இதனாலேயே என்பது அவர் வாதம். நூலினுள்ளே காணப்படும் பசுவந்தனமும் பிராமண வந்தனமும் அச்சினத்தைத் தணிக்கச் செலுத்திய கப்பம் என்கின்றார்.

இந்தியாவின் பழைய விஞ்ஞான வரலாற்றை அவர் மூன்று பகுதிகளாக எழுதினார். முதற்பகுதி 1986-இலும், அடுத்தது 1991-இலும், கடைப்பகுதி அவர் மறைந்தபின் 1996-இலும் வெளிவந்தன. அதில் உத்தாலக ஆருணியை முதல் விஞ்ஞானி என்னத்தக்கவராகப் போற்றுகின்றார். உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாள் உண்ணாது நீர்மட்டும் பருகி இருக்கச் செய்தார். பின்னர் வேதத்தை ஓதுக என்றபோது அவனுக்கு ஒன்றும் நினைவிற்கு வரவில்லை. உண்டபின் எல்லாம் வந்தது. மனம் அன்னத்தால் ஆயது என்பதை அவர் சொல்லால் நிறுவாது சோதனையால் நிறுவினார் என்று சட்டோபாத்தியாயர் மகிழ்கின்றார். உபநிடதத்தின் நடுவிலே நின்று உத்தாலகர் கூறியதும், வஞ்சியிலே நின்று பூதவாதி கூறியதும் அயலாரின் பேச்சன்று, உறவினரின் பேச்சே.

மீண்டும் அக்காதையின் முடிவைப் பார்ப்போம். முற்பிறப்பை உணர்ந்தவளாதலின் மணிமேகலை நகைத்தாள். தெய்வ மயக்கினாலோ கனவினாலோ மனம் திரிந்தவர் சொல்லைத் தவிர அதற்குச் சான்று யாதென்று பூதவாதி கேட்டான். நின் தாய் தந்தையர் இவரென்று அனுமானத்தாலன்றி வேறு எவ்வாறு அறிவாய் என்று அவள் திருப்பிக் கேட்டாள். கூர்மையான வினா, கண்கூடு ஒன்றே பிரமாணம் என்பானை அது வாயடைக்கும். ஆயினும் உலகாயதர் எல்லாரும் அங்ஙனம் கூறினரோ? புரந்தரர் என்னும் சார்வாக ஆசிரியரின் கொள்கையைப் பௌத்த அறிஞர் கமலசீலர் எடுத்துரைத்துள்ளார். அதனைச் சட்டோபாத்தியாயர் மிகவும் வற்புறுத்துகின்றார். உலக வாழ்க்கையிற் கண்டும் சரிபார்த்தும் அறியத்தக்கவற்றில் அனுமானம் கொள்ளத்தக்கதே. எவரும் சென்று காணவியலாத மறுமையை நிறுவ அதனைப் பயன்படுத்துதலே ஆகாது என்பது புரந்தரர் நிலை. இவ்வாறு கொள்வான் ஒருவன் வஞ்சியிலே நின்றிருப்பின், தாய் தந்தையரை ஊராரைக் கேட்டு அறிவேன், முற்பிறப்பை எவரைக் கேட்டு அறிவது என்று மணிமேகலைக்கு விடையிறுத்திருப்பான். அவள் அதற்கு என்ன கூறியிருப்பாள் என்று அறிய நமக்கு ஆவல். பூதவாதிக்கு மறுமொழி கூற ஓரடியும் அளிக்காமல் சாத்தனார் காதையை முடித்துவிட்டார்.